இன்சிடென்ட் என்றால் சின்ன விஷயம்தானா?

அகராதியைப் புரட்டினால் ‘இன்சிடென்ட்’ என்ற சொல்லுக்கு நேரே ‘சிறு நிகழ்வு’ என்று போட்டிருக்கும். தப்பில்லை. ஆனால் பிரிட்டனில் காவல்துறையோ ஆம்புலன்ஸ் சேவையோ ‘மேஜர் இன்சிடென்ட்’ என்று அறிவித்துவிட்டால், சுற்றுவட்டார மருத்துவமனைகள் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டுப் படுக்கைகளைத் தயார்செய்யத் தொடங்கும். ரயில் கவிழ்ந்திருக்கலாம், குண்டு வெடித்திருக்கலாம். கலிஃபோர்னியாவில் 1970ஆம் ஆண்டுக் காட்டுத்தீக்குப் பிறகு உருவான அவசரகால நிர்வாக முறைக்கும் ‘இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்’ என்றுதான் பெயர். சிறுமை இந்தச் சொல்லோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான். சொல்லுக்குள்ளே இருப்பது வேறு.

வேர்ச்சொல் லத்தீன். ‘காடெரே’ என்றால் விழுதல். அதன் முன்னால் ‘இன்’ சேர்ந்தால் மேலே விழுதல், வந்து படுதல். இயற்பியல் இந்தப் பழைய பொருளை அப்படியே வைத்திருக்கிறது. கண்ணாடிமேல் வந்து விழும் கதிர் ‘இன்சிடென்ட் ரே’. நம் பாடநூல்களில் அது படுகதிர். அது செங்குத்துக்கோட்டோடு அமைக்கும் கோணம் படுகோணம். கலைச்சொல் ஆக்கியவர்கள் ‘சம்பவக் கதிர்’ என்று எழுதிவைக்காதது நம் அதிர்ஷ்டம். ‘படு’ என்ற வினை லத்தீன் வேரின் நடுப்புள்ளியைத் தொடுகிறது.

நிகழ்வைக் குறிக்கும் இன்சிடென்டிலும் இதே படுதல்தான். ஏதோ ஒன்று தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது: ஒரு விமானப் பயணம், ஒரு தேர்தல், ஒரு கால்பந்துப் போட்டி, தொழிற்சாலையின் இரவு ஷிஃப்ட். அதன்மேல் எதிர்பாராத ஒன்று வந்து விழுகிறது. விழுந்ததுதான் இன்சிடென்ட். ஓடிக்கொண்டிருந்த பெரிய விஷயத்தோடு ஒப்பிட்டால் அது பெரும்பாலும் சின்னதாக இருக்கும். அகராதியின் ‘சிறு’ அங்கிருந்து வந்தது.

எதை இன்சிடென்ட் என்று சொல்லக்கூடாது என்பதும் இதிலிருந்தே கிடைத்துவிடும். ஒரு திருமணம் இன்சிடென்ட் ஆகாது. அது ஈவென்ட், அல்லது அக்கேஷன். அழைப்பிதழ் அடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஈவென்ட். அந்தத் திருமணத்தில் இரண்டு பேர் நாற்காலிக்காகக் கைகலந்தால் அது இன்சிடென்ட். அதற்கு யாரும் அழைப்பிதழ் அடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அழைப்பிதழ்ச் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது. பெர்லின் சுவர் வீழ்ந்ததற்கு யாரும் நாள் குறிக்கவில்லை, இருந்தாலும் அது ஈவென்ட். வரலாற்றின் ஓட்டமே அங்கே திரும்பியது, வேறொன்றின்மேல் வந்து விழுந்த துணுக்கு அல்ல அது.

பக்கத்து வீட்டுச் சொற்களையும் பார்த்துவிடலாம். ‘அக்கரன்ஸ்’ வெறும் நிகழ்தல்; உணர்ச்சி கிடையாது, எத்தனை முறை என்ற கேள்வியோடு ஒட்டிவரும். அடிக்கடி நடப்பதைக் ‘காமன் அக்கரன்ஸ்’ என்போம். அந்த இடத்தில் ‘காமன் இன்சிடென்ட்’ சற்று இடறும். ‘எபிசோட்’டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, ஒரு தொடரில் ஒரு பகுதி என்ற நினைப்பும் உண்டு, அதனால்தான் மருத்துவர்கள் மனச்சோர்வு வந்து போன காலத்தை எபிசோட் என்று எழுதுகிறார்கள். ‘இன்ஸ்டன்ஸ்’ என்பது எடுத்துக்காட்டு: ஒரு பொதுக் கூற்றுக்குச் சான்றாக நிற்கும் ஒரு நேர்வு. ஒரே திருட்டை இன்சிடென்ட் என்றும் சொல்லலாம், இன்ஸ்டன்ஸ் என்றும் சொல்லலாம். முன்னதில் நடந்த கதை கண்முன் நிற்கும். பின்னதில் ‘திருட்டு பெருகிவிட்டது’ என்ற வாதம் முன்னே நிற்க, இது அதற்கு ஒரு சாட்சி.

சொல்லின் இரண்டாவது குணம் எனக்கு இன்னும் சுவாரசியமானது. இன்சிடென்ட் என்று சொல்பவர் தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறார். ஏதோ நடந்தது, நடந்திருக்கக் கூடாதது என்பது வரை சரி. யார் செய்தார், வேண்டுமென்றே செய்தாரா, எவ்வளவு மோசம் என்பதெல்லாம் திறந்தே கிடக்கும். துப்பாக்கி வெடித்து ஒருவர் விழுந்துகிடக்கிறார் என்று வையுங்கள். முதல் மணிநேரத்தில் அது கொலையா, தற்கொலையா, துடைக்கும்போது கைதவறி வெடித்ததா என்று தெரியாது. காவல்துறைச் செய்தித் தொடர்பாளர் ‘ஷூட்டிங் இன்சிடென்ட்’ என்கிறார். அந்த நேரத்தில் அதைவிட நேர்மையான சொல் இல்லை.

அதே சொல் ஒளிந்துகொள்ளவும் இடம் தரும். 1931 செப்டம்பர் 18 அன்று சீனாவின் முக்டென் நகருக்கு அருகே ரயில் தண்டவாளத்தில் ஜப்பானிய ராணுவத்தினரே குண்டு வைத்துவிட்டுப் பழியைச் சீனர்கள்மேல் போட்டார்கள். அதைச் சாக்காக வைத்து மஞ்சூரியா முழுவதையும் பிடித்தார்கள். வரலாற்றில் அதன் பெயர் ‘முக்டென் இன்சிடென்ட்’. 1937 ஜூலையில் தொடங்கிய முழுப் போரையே ஜப்பானிய அரசு ‘சீன இன்சிடென்ட்’ என்று அழைத்தது. போர் என்று அறிவித்தால் அமெரிக்காவின் நடுநிலைமைச் சட்டங்கள் குறுக்கே வந்து வர்த்தகத்தை முடக்கக்கூடும் என்பது அதற்கு ஒரு காரணம். லட்சக்கணக்கானோர் செத்த போருக்குச் ‘சம்பவம்’ என்று பெயர். நம் பக்கத்திலும் பாருங்கள்: 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவல் நிலையம் கொளுத்தப்பட்டு இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் இறந்தார்கள், ஆங்கிலப் பாடநூல்களில் அது ‘சௌரி சௌரா இன்சிடென்ட்’. மூன்று வருடம் முந்தைய ஜாலியன்வாலா பாக் ‘மாசக்கர்’, அதாவது படுகொலை. எது இன்சிடென்ட், எது மாசக்கர் என்று தீர்மானிப்பதில் எண்ணிக்கை மட்டும் வேலை செய்வதில்லை. ஒரு செய்தியில் இன்சிடென்ட் என்று வந்தால், எழுதியவருக்குத் தெரியவில்லையா, சொல்ல விருப்பமில்லையா என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

இப்படி வழவழவென்று இருக்கும் சொல்லைத் தொழில்துறைகள் சும்மா விடுமா? ஒவ்வொன்றும் தனக்கென்று வேலி போட்டுக்கொண்டது. வேலிகள் ஒன்றோடொன்று பொருந்தாது, அங்கேதான் குழப்பம்.

விமானத் துறையில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ‘13ஆம் இணைப்பு’ என்ற விபத்து விசாரணை விதித்தொகுப்பு வைத்ததுதான் சட்டம். அதன்படி ஆக்ஸிடென்ட் வேறு, இன்சிடென்ட் வேறு. ஒன்றில் இருந்தால் மற்றதில் இல்லை. பறக்கும் நோக்கத்தோடு முதல் ஆள் ஏறியதிலிருந்து கடைசி ஆள் இறங்கும்வரை, விமானத்தால் யாராவது இறந்தாலோ பலத்த காயமடைந்தாலோ, விமானத்தின் கட்டமைப்பு பெரிய பழுதுபார்ப்புக்குப் போகும் அளவுக்குச் சேதமடைந்தாலோ, விமானமே காணாமல் போனாலோ ஆக்ஸிடென்ட். பலத்த காயம் எது என்பதற்கும் கணக்கு உண்டு: 7 நாட்களுக்குள் மருத்துவமனையில் சேர்ந்து 48 மணிநேரத்துக்கு மேல் இருக்க நேர்ந்தால் பலத்த காயம், எலும்பு முறிந்தாலும் பலத்த காயம், ஆனால் விரல், மூக்கு ஆகியவற்றின் எளிய முறிவு சேராது. அடிபட்டவர் 30 நாட்களுக்குள் இறந்தால் உயிரிழப்பு என்று எழுத வேண்டும்.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். நடுவானில் விமானம் குலுங்கி, பெல்ட் போடாத பயணி ஒருவர் விழுந்து கணுக்கால் எலும்பு முறிகிறது. விமானத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அது ஆக்ஸிடென்ட். இன்னொரு விமானத்தில் ஓர் எஞ்சின் பழுதாகி நின்றேவிட்டது, விமானி திருப்பிக் கொண்டுவந்து பத்திரமாக இறக்கிவிட்டார். சேதம் அந்த ஒரே எஞ்சினோடு நின்றால் அது ஆக்ஸிடென்ட் ஆகாது. இன்சிடென்ட், அல்லது ‘சீரியஸ் இன்சிடென்ட்’. எஞ்சின் நின்ற விமானத்தில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்தான். ஆனாலும் விமானச் செய்தியை மொழிபெயர்ப்பவர் இரண்டையும் ‘விபத்து’ என்று எழுதிவிட்டால் தகவலே மாறிவிடும்.

தொழிலிடப் பாதுகாப்பில் நேர் எதிர். 2018இல் வந்த ஐஎஸ்ஓ 45001 தரநிலையில் இன்சிடென்ட்தான் பெரிய குடை. வேலையின்போது நடந்து, காயத்தையோ உடல்நலக் கேட்டையோ உண்டாக்கியது அல்லது உண்டாக்கியிருக்கக்கூடியது எல்லாமே இன்சிடென்ட். காயம் பட்டிருந்தால் அதைச் சிலர் ஆக்ஸிடென்ட் என்பார்கள். தப்பித்திருந்தால் ‘நியர் மிஸ்’. இரண்டும் குடைக்குள்தான். விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பட்டறையில் வேலை செய்பவருக்கு இரண்டு விதிகளும் ஒரே நாளில் பொருந்தலாம், ஆகவே எந்தப் படிவத்தை நிரப்புகிறோம் என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டும்.

அணுசக்தித் துறையில் எண் ஏணி. அணு நிகழ்வுகளின் கடுமையை அளக்க 1990இல் வந்த சர்வதேச அளவுகோலில் 1 முதல் 3 வரை இன்சிடென்ட், 4 முதல் 7 வரை ஆக்ஸிடென்ட். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சுமார் பத்து மடங்கு கடுமை. அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுஉலை விபத்து 5ஆம் படி, செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் 7. இதில் ‘சீரியஸ் இன்சிடென்ட்’ என்பது 3ஆம் படியின் அதிகாரபூர்வப் பெயர். நிருபர் தன் உணர்ச்சியில் சேர்த்துக்கொள்ளும் அடைமொழி அல்ல.

கணினித் துறையினர் இந்தச் சொல்லை நாள் முழுக்கப் புழங்குகிறார்கள், ‘டிக்கெட் போட்டாச்சா?’ என்பதோடு சேர்த்து. டிக்கெட் என்பது புகாரைப் பதிந்து வைக்கும் குறிப்பு. கணினிச் சேவைகளை நிர்வகிக்கப் பலரும் பின்பற்றும் ஐடிஐஎல் முறையில் சேவை நின்றுபோவதோ தரம் குறைவதோ இன்சிடென்ட். அதற்குப் பின்னாலிருக்கும் காரணம் ‘ப்ராப்ளம்’. இரவு இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிட்டது. இன்சிடென்ட்டை மூடிவிடலாம், ஏனென்றால் சேவை திரும்பிவிட்டது. ஏன் படுத்தது என்று தெரியாதவரை ப்ராப்ளம் திறந்தே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போட்டுக் குழப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும்: காரணம் தெரியும்வரை டிக்கெட்டை மூட முடியாமல் நாள்கணக்கு ஏறும், அல்லது சேவை வந்ததும் மூடிவிட்டு, அடுத்த வாரம் அதே இரவு இரண்டு மணிக்கு மறுபடி எழுந்து உட்கார வேண்டியிருக்கும்.

ஆக்ஸிடென்ட் என்ற சொல்மேல் தனியாக ஒரு வழக்கு உண்டு. அது ‘யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது, விதி’ என்ற தொனியைக் கொண்டுவருகிறது. சாலையில் நடப்பவற்றில் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை. பிஎம்ஜே மருத்துவ இதழ் 2001இல் இந்தக் காரணம் சொல்லி அந்தச் சொல்லைத் தன் பக்கங்களிலிருந்து தடைசெய்தது. பாதுகாப்புத் துறையினர் பலர் இன்சிடென்ட் பக்கம் சாய்வதற்கும் இந்த உறுத்தல்தான் காரணம்.

அறிக்கை எழுதும்போது சொல்லின் இந்த நடுநிலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ‘கவனக்குறைவாக ஓட்டியதால் நடந்த ஃபோர்க்லிஃப்ட் இன்சிடென்ட்’ என்று தலைப்பு வைத்தால் விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பு வந்துவிட்டது. ஓட்டுநர் வாயை மூடிக்கொள்வார், பார்த்தவர்களும் மூடிக்கொள்வார்கள். ‘மாலை 4.10, இரண்டாம் கிடங்கு. ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வந்தபோது அடுக்குச் சட்டத்தின் இடது காலில் இடித்தது. மேல்தட்டிலிருந்து மூன்று பெட்டிகள் விழுந்தன. யாருக்கும் காயமில்லை. பின்புற எச்சரிக்கை ஒலி கேட்கவில்லை என்று இருவர் கூறினர்.’ இது அறிக்கை. ஒலி கேட்காததுதான் காரணம் என்று இது எங்கும் சொல்லவில்லை, கவனியுங்கள்.

இனி இலக்கணம். ‘ஆன் இன்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். ‘ஹேப்பன்’ செயப்பாட்டு வினையாகாது. ‘இன்சிடென்ட் ஹேப்பன்ட்’, கொஞ்சம் முறுக்காக வேண்டுமென்றால் ‘அக்கர்ட்’, இடமும் நேரமும் சொல்லும்போது ‘டுக் ப்ளேஸ்’. கூட்டங்களுக்கு வரும் ‘வாஸ் ஹெல்ட்’ இங்கே கூடவே கூடாது, அது திட்டமிட்டு நடத்தியதாகிவிடும். அடுத்தது ‘ஒன் இன்சிடென்ட்’. நம் ‘ஒரு’வை அப்படியே தூக்கிப் போடுவதால் வருவது, ‘ஒன்’ எண்ணைக் குறிக்கும், கதை சொல்லத் தொடங்கும்போது ‘ஆன்’ போதும். யார் யார் சம்பந்தப்பட்டார்கள் என்று சொல்ல ‘அபௌட்’ வேண்டாம், ‘இன்வால்விங்’ போடுங்கள். ‘இரண்டு பேருந்துகள் இன்வால்விங்’ என்றால் எது எதை இடித்தது என்று சொல்லாமலே சொல்லிவிடலாம், சொல்லின் குணத்துக்கும் அது ஒத்துப்போகிறது.

‘வித்அவுட் இன்சிடென்ட்’ என்ற தொடரில் ‘ஆன்’ கிடையாது, பன்மையும் கிடையாது. விமானம் ‘வித்அவுட் இன்சிடென்ட்’ இறங்கியது என்றால் வில்லங்கம் எதுவும் இல்லாமல் இறங்கியது. ‘எ லைஃப் ஃபுல் ஆஃப் இன்சிடென்ட்’ என்பதிலும் ஒருமைதான். பரபரப்புக்குப் பஞ்சமில்லாத வாழ்க்கை என்று பொருள்.

தமிழில் கொண்டுவரும்போது ‘சம்பவம்’ முதலில் கைக்கு வரும். செய்தித்தாளுக்கு அது சரியாகவே பொருந்துகிறது: ‘சம்பவ இடத்துக்கு விரைந்தனர்’ என்று படிக்காத நாள் உண்டா. ஆனால் இன்றைய பேச்சுவழக்கில் சம்பவம் வேறு பக்கம் போய்விட்டது. ‘தலைவன் சம்பவம் பண்ணிட்டான்’ என்றால் சாதித்துவிட்டான், அல்லது எதிராளியைத் துவைத்துவிட்டான். ஆங்கிலத்தில் யாரும் இன்சிடென்ட்டைச் ‘செய்ய’ முடியாது. அது தானாக வந்து விழ வேண்டும். தமிழ்ச் சம்பவம் வீரச்செயலாக வளர்ந்துவிட்டது, ஆங்கில இன்சிடென்ட் குற்றப்பத்திரிகைக்கு முந்தைய குறிப்பாகவே நிற்கிறது. அதனால் பாதுகாப்பு அறிக்கைகளில் ‘நிகழ்வு’ என்று எழுதுவதே என் விருப்பம். யாரும் சிரிக்க மாட்டார்கள். ‘அன்டுவர்ட் இன்சிடென்ட்’டுக்கு மட்டும் கையில் தயாராக ஒரு சொல் இருக்கிறது, ‘அசம்பாவிதம்’. இந்திய ஆங்கிலச் செய்தித்தாள்களுக்கு அந்தத் தொடர்மேல் தனிப் பிரியம். ‘மிஸ்ஹாப்’ விஷயத்திலும் அப்படித்தான்: மற்ற இடங்களில் அன்றாடப் பேச்சில் காப்பி கொட்டுவது மிஸ்ஹாப், நம் ஆங்கிலத் தாள்களில் பலர் இறந்த ரயில் விபத்தும் மிஸ்ஹாப். வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது இதைத் தவிருங்கள்.

காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்பதால் ‘இன்சிடென்ட்ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்சிடென்ஸ்’ வந்துவிடுகிறது. இன்சிடென்ஸ் என்பது வீதம். மருத்துவப் புள்ளிவிவரத்தில் ஒரு காலப்பகுதியில் புதிதாக எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதைக் குறிக்கும். ஏற்கெனவே இருப்பவர்களையும் சேர்த்து எண்ணினால் அது ‘ப்ரிவலன்ஸ்’. 1,000 பேரில் ஆண்டின் தொடக்கத்தில் 50 பேருக்கு நோய் இருக்கிறது: ப்ரிவலன்ஸ் 5 சதவீதம். அந்த ஆண்டில் புதிதாக 10 பேருக்கு வருகிறது. இன்சிடென்ஸ் கணக்கிடும்போது வகுக்கும் எண் 1,000 அல்ல, 950. ஏனெனில் ஏற்கெனவே நோயுள்ள 50 பேருக்கு அது புதிதாக வர வழியில்லை. விடை 1.05 சதவீதம். யாரும் குணமாகாமலும் இறக்காமலும் இருந்தால் ஆண்டு முடிவில் ப்ரிவலன்ஸ் 6 சதவீதம். உயிர் காக்கும் புது மருந்து வந்தால் இன்சிடென்ஸ் அப்படியே இருக்க, ப்ரிவலன்ஸ் ஏறும். நோயோடு வாழ்பவர்கள் கூடுகிறார்கள், அவ்வளவுதான். ‘நோய் பரவுகிறது’ என்று அலறும் தலைப்புகளில் சில இந்த வேறுபாடு தெரியாமல் எழுதப்பட்டவை.

‘இன்சிடென்டல்’ என்பதில் பழைய ‘படு’ மறுபடி தலைகாட்டும்: முக்கியமானதோடு ஒட்டிக்கொண்டு வருவது. ஹோட்டலில் ‘இன்சிடென்டல்ஸ்’ என்று உங்கள் கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். அறை வாடகைக்கு மேல் வரும் மினிபார், சலவை போன்ற சில்லறைச் செலவுகளுக்காக. அது நிறுத்திவைப்புதான், கட்டணமல்ல. செலவு செய்யாவிட்டால் விடுவிக்கப்படும், ஆனால் வங்கியைப் பொறுத்துச் சில நாட்கள் ஆகலாம். டெபிட் கார்டு கொடுத்திருந்தால் அந்த நாட்களில் உங்கள் சொந்தப் பணமே கைக்கு வராது. மருத்துவத்தில் ‘இன்சிடென்டலோமா’ என்றே ஒரு சொல் உண்டு: வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போக, தற்செயலாகக் கண்ணில் பட்ட கட்டி. அட்ரினல் சுரப்பியில் இது அதிகம் பேசப்படும்.

சட்ட ஆங்கிலத்தில் ‘இன்சிடென்ட் டு’ என்று வந்தால் அங்கே எந்தச் சம்பவமும் நடக்கவில்லை. ‘சர்ச் இன்சிடென்ட் டு அரெஸ்ட்’ என்றால் கைதோடு இணைந்த, கைதைச் சார்ந்து செய்யப்படும் சோதனை. சொத்துரிமையோடு ஒட்டிவரும் உரிமைகளையும் இப்படியே சொல்வார்கள். இங்கெல்லாம் ‘சார்ந்த’, ‘உடன்வரும்’ போதும். ‘சம்பவ’ என்று தொடங்கினால் ஒப்பந்தம் கெட்டது.

கடைசியாக ‘இன்சிடென்டலி’. எழுத்தில் ‘இன்சிடென்டல்’ முழுசாக எழுதி அதன்பின் ‘எல்-ஒய்’. உச்சரிப்பு ஓர் அசையை விழுங்குவதால் எழுத்தையும் விழுங்கிவிடுகிறார்கள். பொருள், பேச்சோடு பேச்சாக, இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன் என்பது. ‘ஆக்ஸிடென்டலி’க்குப் பதிலாக இதைப் போடாதீர்கள்: கைதவறிக் கோப்பை அழித்தவர் அதை ஆக்ஸிடென்டலி அழித்தார். இரண்டு விஷயங்கள் எதிர்பாராமல் ஒத்துப்போனால் ‘கோஇன்சிடென்டலி’. மின்னஞ்சலில் இன்சிடென்டலிக்குப் பின்னால் உண்மையிலேயே உபரியான விஷயத்தை மட்டும் வையுங்கள். கெடு தேதியையோ கேட்க வேண்டிய பணத்தையோ அங்கே வைத்தால், படிப்பவர் சொல்லின் பேச்சை நம்பி அதைத் தாண்டிப் போய்விடுவார்.